ஒரு சிலிண்டர் கேடிலாக்: 1904 என்றால் நம்பி வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிலிண்டர் கேடிலாக் விலைக்கு வந்திருக்கிறது. 1904 வண்டி, லண்டன்–பிரைட்டன் பழங்கால கார் ஓட்டத்தில் ஓட்டலாம் என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் பேப்பரைக் கேளுங்கள், வண்டியை அப்புறம் பார்க்கலாம். அந்த ஓட்டத்தில் 1905 ஜனவரி 1க்கு முன் தயாரான வண்டிகளுக்குத்தான் இடம் என்பதால், 1904க்கு ஒரு விலை, 1905க்கு வேறு விலை. பிரிட்டனின் வெட்டரன் கார் கிளப் (பழங்கால கார்களுக்கான சங்கம்) கொடுத்த, வண்டி தயாரான வருஷத்தைச் சொல்லும் தேதிச் சான்றிதழ் இல்லையென்றால் 1904க்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சினின் தோற்றத்தை வைத்து வருஷம் சொல்லிவிட முடியாது. 1903 தொடங்கி 1908 வரை அடிப்படையில் ஒரே எஞ்சின்தான்: படுக்கைவசமாக இருக்கும், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 5 அங்குலம், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 5 அங்குலம், கொள்ளளவு சுமார் 1.6 லிட்டர். கேடிலாக் கம்பெனியை நடத்திய ஹென்றி லேலண்ட் அளவு விஷயத்தில் அவ்வளவு கறாரான மனிதர் என்பதால் ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டியில் ராவாமலே உட்காரும். 1908இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று கேடிலாக்குகளை அக்கக்காகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து, சில பாகங்களுக்குப் பதில் ஸ்டாக்கில் இருந்த புதியவற்றைச் சேர்த்து, வெறும் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு மறுபடி பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அதற்குத்தான் பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் கொடுக்கும் டூவர் கோப்பை கிடைத்தது. எனக்கு அது இன்றைக்கும் பிரமிப்புதான். ஆனால் வாங்குகிறவருக்குச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது, நூறு வருஷத்துக்கு மேல் கைமாறிய வண்டியில் எந்த பாகம் எந்த வருஷத்துடையது என்று யாருக்குத் தெரியும்?

அதனால் சேஸியையும் பாடியையும் கவனியுங்கள். கேடிலாக்கின் முதல் மாடலான மாடல் ஏ வண்டிக்கு முன்னால் பானட் கிடையாது. 1904இல் வந்த மாடல் பியில் பெட்டி மாதிரி ஒரு பானட், அச்சில் அழுத்தி உருவாக்கிய எஃகுச் சட்டம், முன்பக்கம் குறுக்காக ஒரு ஸ்பிரிங் இருக்கும். பின்சீட்டுக்குப் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். பக்கவாட்டில் ஏறுகிற மாதிரி இருந்தால் மாடல் எஃப் ஆக இருக்கலாம், அது 1905.

அடுத்து சிலிண்டரைச் சுற்றியுள்ள தாமிர வாட்டர் ஜாக்கெட், அதாவது குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் உறை. எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, அதன் ஓரங்களில் ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்ப கிராங்க் போடுமுன், ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளி (தாமதமாகப் பொறி விழும்படி) வைத்தாயிற்றா என்று நீங்களே பாருங்கள், விற்பவர் சொன்னால் போதாது. மறந்தால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும்.