பேஜ் டேபிளை மாற்றியதும் கெர்னல் ரீபூட் ஆவது ஏன்?

கேள்வி: 64 பிட் எக்ஸ்86-க்குச் சொந்தமாக ஒரு சின்ன கெர்னல் எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஐடிடி-யை (எந்த எக்ஸெப்ஷனுக்கு எந்த ஹேண்ட்லர் ஓட வேண்டும் என்று சொல்லும் அட்டவணை) ஏற்றிவிடுகிறேன். வேண்டுமென்றே தப்பான முகவரியைத் தொட்டுப் பார்த்தால் பேஜ் ஃபால்ட் ஹேண்ட்லர் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் கெர்னலை மேல் பாதி முகவரிக்கு நகர்த்துவதற்காக சிஆர்3 ரெஜிஸ்டரில் புதிய பேஜ் டேபிளை (மெய்நிகர் முகவரியை பிசிக்கல் முகவரியாக மாற்றும் அட்டவணை) போட்டால், அடுத்த நொடியே கியூஎமு எமுலேட்டர் ரீபூட் ஆகிறது. ஹேண்ட்லர் ஏன் வாயே திறப்பதில்லை?

பதில்: ஹேண்ட்லரைக் குடையாதீர்கள். பிராசஸர் அதுவரை போய்ச் சேரவே இல்லை.

ஐடிடி இருக்கும் இடத்தைச் சொல்லும் ஐடிடிஆர் ரெஜிஸ்டரில் நீங்கள் ஏற்றியது பிசிக்கல் முகவரி அல்ல, மெய்நிகர் முகவரி. சிஆர்3 மாறியதும் அதே முகவரியைப் பிராசஸர் புதிய டேபிள் வழியாகத் தேடும். அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனோ இன்னும் பழைய, கீழ் முகவரியில் இருக்கிறது. புதிய டேபிளில் அது இல்லை என்றால் பேஜ் ஃபால்ட், அதாவது எக்ஸெப்ஷன் எண் 14. சரி, 14-க்கான கேட்டை (ஐடிடி-யில் ஒரு பதிவு) படிக்கலாம் என்று ஐடிடி-க்குப் போனால் அதுவும் கீழேதான் இருக்கிறது. மறுபடி பேஜ் ஃபால்ட். இரண்டும் சேர்ந்து டபுள் ஃபால்ட் ஆகிறது, எண் 8. அதற்கும் அதே ஐடிடி-தானே! மூன்றாவது முறை விழுந்ததும் பிராசஸர் ஷட்டவுன் நிலைக்குப் போகிறது, மெஷின் ரீசெட் ஆகிறது.

இதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். கியூஎமு-வை ‘-டி இன்ட்’, ‘-நோ-ரீபூட்’ ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். கேவிஎம் (நிஜ பிராசஸரிலேயே ஓட்டும் வசதி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் இந்த லாக் வராது. 14-க்கான டம்ப்பில் சிஆர்2-வும் (ஃபால்ட் ஆன முகவரி) ஆர்ஐபி-யும் (ஓடும் இன்ஸ்ட்ரக்‌ஷனின் முகவரி) ஒரே முகவரியாக இருந்தால், ஓடிக்கொண்டிருந்த கோடே மேப்பில் இல்லை என்று அர்த்தம். அடுத்து 8-க்கான டம்ப்பைப் பாருங்கள். அங்கே சிஆர்2 உங்கள் ஐடிடி-யின் தொடக்கத்திலிருந்து சரியாக 224 பைட் தள்ளி நிற்கும். ஒரு கேட் 16 பைட், 14-ஐ 16-ஆல் பெருக்கினால் 224. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

தீர்வு வரிசையில்தான் இருக்கிறது. புதிய டேபிளில் மேல் பாதியோடு பழைய ஐடென்டிட்டி மேப்பையும் (மெய்நிகர், பிசிக்கல் முகவரி இரண்டும் ஒன்றேயான மேப்) கொஞ்ச நேரம் வைத்திருங்கள். சிஆர்3-ஐ மாற்றி, மேல் முகவரிக்கு ஜம்ப் செய்து, ஸ்டாக், ஜிடிடி (செக்மென்ட் அட்டவணை), ஐடிடி மூன்றையும் மேல் முகவரிகளோடு மறுபடி ஏற்றுங்கள். கேட்களுக்குள் இருக்கும் ஹேண்ட்லர் முகவரிகளும் மேலே மாற வேண்டும். ஐஎஸ்டி (சில எக்ஸெப்ஷன்களுக்குத் தனி ஸ்டாக்) பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்த ஸ்டாக் முகவரிகளை வைத்திருக்கும் டிஎஸ்எஸ்-உம் அப்படியே. அப்புறம்தான் கீழ் மேப்பை நீக்க வேண்டும்.

இதில் பலரும் கோட்டைவிடுவது ஜிடிடி-யில். செக்மென்ட் விவரங்களைப் பிராசஸர் உள்ளேயே வைத்துக்கொள்வதால், ஜிடிடி மேப்பில் இல்லாமலே கெர்னல் ஜம்மென்று ஓடும். எக்ஸெப்ஷன் வந்து கோடு செக்மென்ட் ரெஜிஸ்டரான சிஎஸ்-ஐப் புதிதாக ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் கீழ் மேப்பை நீக்கிய அடுத்த வரியிலேயே ஒரு ‘இன்ட்3’ (வேண்டுமென்றே எக்ஸெப்ஷன் எழுப்பும் இன்ஸ்ட்ரக்‌ஷன்) போட்டுச் சோதியுங்கள். ஐடிடி, ஜிடிடி, ஸ்டாக், ஹேண்ட்லர் எல்லாம் ஒரே அடியில் சோதனையாகிவிடும்.

பேஜ் ஃபால்ட் ஹேண்ட்லர் மட்டும் போதாது, முதல் 32 எண்களுக்கும் போடுங்கள். 8, 10 முதல் 14, 17 போன்றவற்றுக்குப் பிராசஸரே ஸ்டாக்கில் எர்ரர் கோடைத் தள்ளும். மற்றவற்றுக்கு நீங்கள் ஒரு பொய் சைபரைத் தள்ளி, பிறகு எண்ணைத் தள்ளினால் ஸ்டாக் அமைப்பு ஒன்றாகிவிடும். பிராசஸர் எப்போதும் தானே தள்ளும் ஐந்து மதிப்புகளையும் சேர்த்து இதுவரை 56 பைட். ஸ்டாக் பாயின்ட்டரான ஆர்எஸ்பி தவிர்த்த 15 ரெஜிஸ்டர்களுக்கு இன்னும் 120. மொத்தம் 176, பதினாறால் மீதியின்றி வகுபடும். சி ஃபங்ஷன் எதிர்பார்ப்பதும் அதுதான், எனவே அதை அப்படியே கூப்பிடலாம். ஒரு ரெஜிஸ்டரை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

தொடக்கக் கட்ட ஹேண்ட்லர் அதிகம் யோசிக்கக் கூடாது என்பது என் கட்சி. சீரியல் போர்ட்டில் எண், எர்ரர் கோடு, ஆர்ஐபி, சிஆர்2 நான்கையும் எழுதிவிட்டு நின்றுவிடட்டும். மெமரி அலகேட்டர், லாக், அழகான பிரிண்ட் எதுவும் வேண்டாம். காரணத்தைச் சரிசெய்யாமல் பேஜ் ஃபால்ட்டிலிருந்து திரும்பினால் அதே இன்ஸ்ட்ரக்‌ஷனில் மறுபடி விழும். லினக்ஸ் தொடக்கத்திலேயே சில பேஜ் ஃபால்ட்களுக்கு அந்த இடத்திலேயே மேப்பிங் உருவாக்கித் தொடர்கிறது என்பது உண்மைதான். அதைப் பார்த்து இப்போதே ஆசைப்பட வேண்டாம்.

இவ்வளவும் செய்து, பேஜ் ஃபால்ட்டில் எர்ரர் கோடு 9 அல்லது 11 வந்தால் பேஜ் டேபிள் என்ட்ரியின் 63-வது பிட்டைப் பாருங்கள். இஎஃப்இஆர் ரெஜிஸ்டரில் என்எக்ஸ் வசதியை (பேஜில் கோடு ஓடாமல் தடுப்பது) இயக்காமல் அந்த பிட்டைப் போட்டிருந்தால், அதை ரிசர்வ்ட் பிட் மீறலாகப் பிராசஸர் எடுத்துக்கொள்ளும். பயாஸ் வழி பூட் செய்து, எர்ரர் கோடே இல்லாத 8 வந்தால், அது டபுள் ஃபால்ட்டே அல்ல, டைமர். பிக் கன்ட்ரோலரை (இன்டரப்ட்களைப் பிராசஸருக்கு அனுப்பும் சிப்) வேறு எண்களுக்கு ரீமேப் செய்யாமல் இன்டரப்ட்டைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள்.