பழைய கன்சோல் கேம்களின் கணினிப் பதிப்புகளில், பலர் கண்டுகொள்ளாமல் விட்ட நல்ல பதிப்பு எது?

யோசிக்காமல் சொல்வேன்: 1997-இல் விண்டோஸுக்கு வந்த 'சோனிக் அண்டு நக்கிள்ஸ் கலெக்ஷன்'. சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் 1994-இல் தனித்தனி கேட்ரிட்ஜாக வந்த சோனிக் 3, சோனிக் அண்டு நக்கிள்ஸ், ஒன்றின் மேல் ஒன்றைச் செருகினால் கிடைக்கும் முழு ஆட்டம், எல்லாம் ஒரே சிடியில்.

சோனிக் 3-ஐ நான் முதன்முதலில் ஆடியதே இதில்தான். பல வருடம் கழித்து கன்சோல் பதிப்பை ஆடும்போது, ஐஸ்கேப் என்ற பனிக் கட்டம் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பனி அதே, சறுக்கல் அதே, இசை மட்டும் வேறு! கார்னிவல் நைட், லாஞ்ச் பேஸ் என்ற கட்டங்களிலும் இதே கதை. கன்சோலில் ஆடி வளர்ந்தவர்களுக்கு கணினிப் பதிப்பின் மெட்டுகள் என்றாலே இளக்காரம். அசலை எடுத்துவிட்டு எதையோ ஒட்டிவிட்டார்கள் என்பார்கள். எனக்கோ ஐஸ்கேப் என்றால் அந்தத் துள்ளலான மெட்டுதான்.

2019-இல் சோனிக் 3-இன் முன்மாதிரி ஒன்று வெளியே வந்தது. 1993 நவம்பரில் உருவானது. அதில், மெகா டிரைவின் ஒலிச் சிப்பிலேயே, அதே மெட்டுகள்! ஆக, அவை கணினிக்காகப் பின்னால் ஒட்டியவை அல்ல. கன்சோலுக்கென்று இருந்து, வெளியீட்டுக்கு முன் மாற்றப்பட்டவை. பழைய சோனிக் ஆட்டங்களின் தொகுப்பாக 2022-இல் வந்த சோனிக் ஆரிஜின்ஸிலும் அந்த இடங்களில் அவையேதான். அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

குறை சொன்னவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கணினிப் பதிப்பின் இசை மிடி. எந்தச் சுரம், எந்த வாத்தியம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். வாசிப்பது நம் சவுண்ட் கார்டு. கார்டு சுமார் என்றால் எந்த மெட்டும் தகர டப்பாதான். கார்டை மாற்றிய நாளில் அதே பாட்டைப் புதிதாகக் கேட்டது போல இருந்தது எனக்கு.

பிளேஸ்டேஷன் ஆட்டமான ஃபைனல் ஃபேன்டசி 7-இன் 1998 கணினிப் பதிப்புக்கும் இதே மிடியால்தான் கெட்ட பெயர். பாத்திரங்கள் 640×480-இல் கூர்மையாகத் தெரிய, பின்னணி ஓவியங்கள் பழைய அளவிலேயே மங்கலாகக் கிடக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் 2012-இல் கணினியில் மறுபடி வெளியிட்டபோது அடித்தளமாக எடுத்துக்கொண்டது இந்தப் பதிப்பைத்தான். ரசிகர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து பாத்திரங்களையும் இசையையும் மெருகேற்றியதும் இதன் மேல்தான்.

இன்னொன்று, 1986-இல் ஹட்சன் நிறுவனம் செய்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஸ்பெஷல்'. ஜப்பானியக் கணினிகளான பிசி-8801-க்கும் ஷார்ப் எக்ஸ்1-க்கும் வந்தது. திரை நகராது; மாரியோ ஓரத்தைத் தொட்டதும் பக்கம் புரள்வது போல அடுத்த காட்சி வரும். அந்தப் பக்கம் பள்ளமா எதிரியா என்று தெரியாமலே குதிக்க வேண்டும். இதை நல்ல பதிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள், திரை நகர்வது எவ்வளவு பெரிய வசதி என்று விரல்களுக்கே புரியும்.