வெள்ளைக் கல்: பளிங்கா, சுண்ணாம்புப் பாறையா?

கேள்வி: சுண்ணாம்புப் பாறை வெப்பத்தால் பளிங்காக மாறுகிறது என்று படித்தேன். சூளையில் சுட்டால் மட்டும் அது ஏன் பளிங்காவதில்லை? ஆன பளிங்கு பழையபடி சுண்ணாம்புப் பாறையாகுமா? என்னிடமுள்ள வெள்ளைக் கல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சூளையில் கல் திறந்தவெளிக் காற்றழுத்தத்தில் வேகிறது. சுமார் 900 டிகிரி செல்சியஸில் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை மேலே அழுத்துவதால் வாயு அவ்வளவு எளிதில் பிரியாது. கல் உருகுவதும் இல்லை. திடநிலையிலேயே அதன் கால்சைட் (சுண்ணாம்புப் பாறையின் முக்கியக் கனிமம்) படிகங்களில் பெரியவை சிறியவற்றை விழுங்கி மேலும் பெரிதாகி, இடைவெளியின்றிக் கோத்துக்கொள்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால் சீமைச்சுண்ணாம்புத் தூளைத் துப்பாக்கிக் குழாயில் அடைத்து, வாயு தப்பாதபடி மூடிச் சூடாக்கினார். கிடைத்தது பளிங்கு போன்ற கெட்டிக் கல்.

குளிர்ந்தால் பளிங்கு பழையபடி ஆகாது. மழைநீரில் கரைந்து கடல் சேர்ந்து, சிப்பிகளும் பவளங்களும் அந்தச் சுண்ணாம்பை ஓடாகக் கட்டி, அவை படிந்து இறுகினால்தான் மீண்டும் சுண்ணாம்புப் பாறை. பாடநூல்களின் பாறைச் சுழற்சிப் படங்களில் வட்டமாக அம்புக்குறி போட்டிருப்பதால் பாறைகள் வரிசைப்படிதான் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு வரிசையே கிடையாது. கிரானைட் நேரடியாக நைஸ் என்னும் வரிவரியான உருமாறிய பாறை ஆகலாம். மணற்பாறை தேய்ந்து மறுபடி மணற்பாறையே ஆகலாம்.

இனி உங்கள் கல். முதலில் கத்தி முனையால் கீறுங்கள். கீறல் விழாவிட்டால் அது பெரும்பாலும் குவார்ட்சைட், அதாவது மணற்பாறை உருமாறியது. அதிலுள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவுகோலில் 7, கால்சைட்டுக்கு 3தான். கீறல் விழுந்தால் அந்தத் தூளில் வினிகர் விடுங்கள், கால்சைட் கல்லானால் நுரைக்கும். ஆனால் சுண்ணாம்புப் பாறையும் பளிங்கும் இரண்டுமே நுரைக்கும் என்பதால் இந்தச் சோதனை அதற்குமேல் உதவாது. நுரைத்ததுமே ‘பளிங்குதான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள் பலர்.

பிரித்துக் காட்டுவது புதிதாக உடைந்த முகம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். சர்க்கரைக் கட்டிபோல் மினுங்கும் பரல்கள் தெரிந்தால் பளிங்கு. மங்கலாக, நுண்ணிய துகளாக, சிப்பித் தடங்கள் தெளிவாகத் தெரிந்தால் சுண்ணாம்புப் பாறை. மெருகை நம்ப வேண்டாம். நன்றாக மெருகேறும் சுண்ணாம்புப் பாறையையும் பளிங்கு என்றே விற்பதுண்டு. அரைகுறையாக உருமாறிய கற்களும் உண்டு. அவற்றை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தீர்மானிக்க முடியும்.