கேள்வி – பதில்: ஏலத்தில் எடுத்த 1939 ரூபாய்

கேள்வி: ஆன்லைன் ஏலத்தில் '1939 ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், அசல்' என்று போட்டிருந்த லாட்டை (ஏலப் பொருளை) எடுத்தேன். லென்ஸில் பார்த்தால் கடைசி 9 சந்தேகமாக இருக்கிறது. கேட்டால், 'கொடுத்தவர் சொன்னதைப் போட்டோம், பொறுப்பில்லை' என்கிறார்கள். யாரைப் பிடிப்பது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 1938 காசின் 8-ஐத் திருத்தி 9 ஆக்குவது இந்த வருடக் காசில் வழக்கமான தில்லுமுல்லு. இதை எடை காட்டிக்கொடுக்காது, இரண்டுமே 11.66 கிராம்தான். சவுகார்பேட்டையில் டச் (வெள்ளியின் தூய்மைச் சோதனை) பார்த்தாலும் 91.7 சதவீதம்தான் வரும். வார்ப்புப் போலிக்குத்தான் அந்தச் சோதனைகள் உதவும். 10 மடங்கு லென்ஸில் இரண்டு 9-களையும் ஒப்பிடுங்கள். கடைசி எண்ணைச் சுற்றி மட்டும் சுரண்டல், நிற மாற்றம் இருக்கிறதா? காசைத் துடைக்கவே கூடாது.

வருடம் அபிப்பிராயம் அல்ல, பொருளின் விவரம். விவரம் சொல்லி விற்றால் பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பொறுப்பு முதலில் காசின் உரிமையாளருக்கு. ஏல நிறுவனம் அவருடைய ஏஜென்ட். ஆனால் அவர் பெயரை உங்களிடம் சொல்லாமலே விற்றிருந்தால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆம் பிரிவுப்படி ஏஜென்டே கட்டுப்பட்டவர் என்றுதான் அனுமானம். எனவே உரிமையாளர் பெயரை எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் உங்களுக்குத்தான் லாபம்.

'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனை உங்கள் வாதத்தைப் பலவீனமாக்கும் (சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது). தெரிந்தே ஏமாற்றியவரை அது காப்பாற்றாது.

லாட் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு திருத்திவிடுவார்கள். ஆட்சேபணைக்கு நிபந்தனைகளில் எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் எழுதுங்கள். ஏல விலையோடு பிரீமியம் (ஏல நிறுவனம் அதன்மேல் வசூலிக்கும் கட்டணம்), ஜிஎஸ்டி எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். எடை, படத்தோடு ரசீது தராமல் நாணயத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. மறுவிற்பனைக்கு வாங்கியவர் மட்டும் அங்கே 'நுகர்வோர்' ஆக மாட்டார்.

கேள்வி: 'மிக நல்ல நிலை' என்றார்கள், வந்தது தேய்ந்த காசு. வழக்கு நிற்குமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: கடினம். நிலை என்பது பெரும்பாலும் பார்ப்பவர் கணிப்பு. ஆனால் பாலிஷ் போட்டதையோ, துளையை அடைத்ததையோ மறைத்திருந்தால் அது வேறு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுங்கள்.