சாக்குத் தோட்டம் சோறு போடுமா? ஆப்பிரிக்க நகரக் காய்கறிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதியில் வாசலிலேயே சாக்கில் கீரை வளர்க்கிறார்களாமே, செய்முறை சொல்லுங்களேன்.

பதில்: 2008-இல் தேர்தலையொட்டி நடந்த கலவரத்துக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் அங்கே பரவலாக்கிய முறை அது. 90 கிலோ மக்காச்சோளச் சாக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்டோ பூச்சிமருந்தோ இருந்த சாக்கு வேண்டவே வேண்டாம். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணம். பச்சைச் சாணம் போட்டால் சூடேறி வேர் வெந்துவிடும்.

சாக்கின் வாயைக் கீழே சுருட்டிவிட்டு அடியில் ஒரு சாண் கல் பரப்புங்கள். நடுவில் இருபுறமும் திறந்த பெரிய டின் ஒன்றை நிறுத்தி, அதற்குள் சிறுகல், சுற்றிலும் மண் நிரப்புங்கள். டின்னை மெல்ல மேலே உருவி, திரும்பவும் கல், திரும்பவும் மண். சாக்கை விரித்துக்கொண்டே போனால் மார்பளவு உயரத்துக்கு நடுவில் ஒரு கல் தூண் நிற்கும். ஊற்றும் தண்ணீர் அடிவரை போவது அந்தத் தூண் வழியாகத்தான். அதை விட்டுவிட்டால் மேல்மண் சேறாகும், கீழ்வரிசைச் செடிகள் காயும்.

நான்கைந்து நாள் தண்ணீர் விட்டு மண் அமர்ந்த பிறகு, பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஓட்டை போட்டு நாற்றைச் செருகுங்கள். வேரைச் சுற்றி விரலால் மண்ணை அழுத்த வேண்டும், காற்றுப்பை இருந்தால் நாற்று வாடிவிடும். ஒரு சாக்கில் 30 செடி தாராளமாக நிற்கும். உச்சியில் வெங்காயமோ கொத்தமல்லியோ போடலாம்.

கேள்வி: என்ன கீரை போடுவார்கள்?

பதில்: முதலில் சுகுமா விக்கி. உருண்டை கட்டாத கோஸ் வகை. பெயருக்கு 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். கையில் காசு இல்லாத நாட்களை ஓட்டும் கீரை என்பதால் அந்தப் பெயர். அடி இலைகளை மட்டும் பறித்து, உச்சியில் நான்கைந்தை விட்டால் மாதக்கணக்கில் பறிக்கலாம். அவர்களுடைய மனாகு நம் மணத்தக்காளிக்கு நெருங்கிய உறவு. சாகெட் என்பது நம் நல்வேளையேதான், அங்கே அதைச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்; இங்கே களையென்று பிடுங்கிப் போடுகிறோம்.

கேள்வி: சாக்கில் கீழ்ச்செடிகள் மட்டும் காய்கின்றன, ஏன்?

பதில்: கல் தூண்.

கேள்வி: கீரையைத் தின்று பசி ஆறுமா? இதை உணவுப் பாதுகாப்பு என்பது ஏமாற்று வேலை.

பதில்: பாதி சரி. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் மக்காச்சோளம் என்றால் வருடத்துக்கு 730 கிலோ. எக்டருக்கு 2 டன் விளைந்தாலும் கிட்டத்தட்ட 90 சென்ட் நிலம் வேண்டும். பத்துக்குப் பத்தடி அறையில் இருப்பவர் எங்கே போவார்? உகாலி என்னும் மக்காச்சோளக் களிக்கு மாவு கடையிலிருந்துதான் வரும். சாக்கு தருவது அதோடு தொட்டுக்கொள்ளும் கீரையை. அதற்குப் போகும் காசு மிச்சமாகி மாவுக்குப் போகிறது, பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏவும் இரும்பும் கிடைக்கின்றன.

மறுப்பு: அப்படியானால் கூலியை உயர்த்துவதுதானே தீர்வு? ஏழையின் தலையில் சாக்கையும் கட்டுவானேன்?

பதில்: கூலி உயரட்டும், யார் வேண்டாம் என்றது? சாக்கைக் காட்டிக் கூலிப் பேச்சை மூடுகிறவர்களோடு எனக்கும் சண்டைதான். அதற்காக இன்று இரவுக் குழம்புக்குப் பறிக்கிற கீரையைப் பழிக்க வேண்டியதில்லை. தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் தெருக்களில் இந்தக் கணக்கே தலைகீழாகலாம். பாத்திரம் அலசிய இரண்டாம் தண்ணீரை ஊற்றினால்தான் கட்டுப்படியாகும்.

கேள்வி: கானா நாட்டின் அக்ரா, குமாசி நகரங்களில் சாக்கடை நீரில் லெட்டூஸ் வளர்க்கிறார்களே, சாப்பிடலாமா?

பதில்: சமைக்காமல் தின்னும் இலை என்பதால்தான் பயம். நீரைக் குட்டையில் இரண்டு மூன்று நாள் அசையாமல் விட்டால் குடற்புழு முட்டைகள் அடியில் படியும். பூவாளியோடு குட்டைக்குள் இறங்கிக் கலக்கினால் படிந்ததெல்லாம் திரும்ப மேலே வரும். பூவாளியைத் தாழ்வாகப் பிடித்தால் மண் தெறித்து இலையில் ஒட்டாது. அறுவடைக்கு முன் இரண்டு நாள் நீரை நிறுத்தினால் வெயிலே கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்லும். ஆனால் இலை வாடி எடை குறையும், அதனால் விவசாயி தயங்குவார். கடைசியாகச் சமையலறையில் குளோரின் நீரில் அலசல். கழிவுநீர்ப் பாசனம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டியும் இப்படிப் பல தடுப்புகளைச் சேர்த்து வைப்பதைத்தான் சொல்கிறது, ஒன்றை மட்டும் நம்பச் சொல்லவில்லை.

கேள்வி: பழைய பேட்டரி உடைத்த இடத்தில் தோட்டம் போடலாமா?

பதில்: கூடாது. செனகல் தலைநகர் தாக்கர் அருகே தியாரோயில் 2008 வாக்கில் பழைய பேட்டரிகளின் ஈயத்தால் 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈயத்தைச் சமைத்துப் போக்க முடியாது. வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து சாக்கில் போட்டாலும், அந்தத் தூசி பறந்து இலையில் படியும்.

கேள்வி: நகரத்துக்குள் பயிரிடச் சட்டம் இடம் கொடுக்குமா?

பதில்: ஊருக்கு ஊர் வேறு. உகாண்டா தலைநகர் கம்பாலாவில் 2006-இல் நகர வேளாண்மைக்கென்றே விதிகள் வந்தன. உங்கள் ஊருக்கு வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி: சுகுமா விக்கியில் அசுவினிப் பூச்சி, என்ன செய்ய?

பதில்: சோப்புக் கரைசல், இலையின் அடிப்புறம், மாலையில். சோப்பு இல்லாமல் வெறும் வேப்பெண்ணெய் தெளித்தால் மெழுகு இலையில் நிற்காது, வழிந்துவிடும். கென்யாவில் வேம்புக்கு முவாரோபைனி என்று பெயர், நாற்பது நோய் தீர்ப்பது என்பார்கள். அசுவினி அந்த நாற்பதில் உண்டா என்று கேட்காதீர்கள்.

கேள்வி: சாக்கில் தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கிறது, சாணம் கூட்டிப் போடட்டுமா?

பதில்: வேண்டாம். டின் வைத்துக் கல் நிரப்பினீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.