தேங்காய்ப்பால் கடல் உணவு சூப்: பால் திரியாமல், இறால் ரப்பராகாமல்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "தம்பி, சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் பேரன், இறால், கணவாய், நண்டு எல்லாம் போட்டு வெள்ளையாக, கெட்டியாக ஒரு தேங்காய்ப்பால் சூப் அங்கே குடித்தானாம். அதையே கேட்கிறான். அவன் போனில் காட்டிய வீடியோவில் சொன்னபடியேதான் வைத்தேன். பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கிறது. இறால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. கவிச்சி வாடை வேறு. கடையில் விற்கிற கிரீமை ஊற்ற வேண்டுமா, மைதா கரைத்து விடலாமா? தக்காளி போட்டால் வாடை போகுமா?"

ஆச்சி, கிரீமும் வேண்டாம், மைதாவும் வேண்டாம். மாட்டுப்பால் கிரீமின் வாசம் கடல் உணவோடு ஒட்டாது. மைதா சரியாக வேகாவிட்டால் பச்சை வாசம் அடிக்கும், ஆறினால் பசையாகிவிடும். உங்கள் சூப்பில் எந்தச் சாமானும் குறையவில்லை. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் ஊற்றுவது என்பதில்தான் சிக்கல். ருசி முழுவதையும் இறால், நண்டு ஓட்டுச் சாற்றில் இறக்கிக்கொள்ள வேண்டும். கெட்டித்தன்மையை அரிசியும் இரண்டாம் பாலும் தர வேண்டும். முதல் பால் அடுப்பை அணைத்த பிறகே சட்டிக்குள் வர வேண்டும்.

வீடியோவில் மட்டும் பால் தளதளவென்று கொதித்தும் திரியவில்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அவர்கள் ஊற்றுவது டின் பால். டின்னிலும் பாக்கெட்டிலும் வரும் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் கொத்தவரை விதைப் பிசின் மாதிரியான நிலைநிறுத்திகளைச் சேர்த்திருப்பார்கள். அதனால் ஓரளவு கொதியைத் தாங்கும். நீங்கள் துருவிப் பிழிந்தது வெறும் பால். தண்ணீருக்குள் பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள் மிதப்பதுதான் தேங்காய்ப்பால். அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தேங்காயின் புரதம் மேலே ஒரு சவ்வாக நின்று காக்கிறது. சூடு 80 டிகிரி செல்சியஸை எட்டும்போது அந்தப் புரதம் உறையத் தொடங்கும். சவ்வு விட்டுப்போனால் எண்ணெய் ஒன்று சேர்ந்து மேலே வந்துவிடும். புளிப்பு சேர்ந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தக்காளியையும் போட்டு, முதல் பாலையும் ஊற்றிக் கொதிக்க விட்டால் திரியாமல் என்ன செய்யும்?

சரி, சாமான்களுக்கு வருவோம். நான்கைந்து பேருக்கு முற்றிய பெரிய தேங்காய் ஒன்று, தலையோடு நடுத்தர இறால் அரை கிலோ, கணவாய் 200 கிராம், நண்டு இரண்டு போதும். மீனும் வேண்டுமென்றால் விளமீன், பாறை, சீலா போன்ற கெட்டியான சதையுள்ள மீனில் நான்கு துண்டு போடுங்கள். சங்கரா, நெத்திலி எல்லாம் குழம்புக்கு அருமை, இந்தச் சூப்பில் கரைந்துபோகும். சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, மிளகு ஒன்றரை டீஸ்பூன், சோம்பு ஒரு டீஸ்பூன், பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை, பச்சரிசி 2 மேசைக்கரண்டி, முந்திரி 10, ஓர் எலுமிச்சம்பழம்.

நம் பக்கத்தில் கடல் இல்லாவிட்டாலும் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் சரக்கு அன்றாடம் வந்துவிடுகிறது. இறால் வாங்கும்போது தலையைப் பாருங்கள். உடம்போடு கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும். தலை கறுத்து, தொட்டதும் கழன்று வந்தால் குழம்புக்குக்கூட நான் யோசிப்பேன், சாறு எடுக்க நிச்சயம் ஆகாது. உரித்த இறால் சுத்தம் செய்யும் வேலையை மிச்சப்படுத்தும்தான், ஆனால் இந்தச் சூப்பின் உயிரே நீங்கள் காசு கொடுத்து எறியச் சொல்லிவிட்டு வரும் அந்தத் தலையிலும் ஓட்டிலும் இருக்கிறது. நண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, அளவுக்குக் கனமாக இருப்பதை எடுங்கள். ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டில் தண்ணீர்தான் இருக்கும்.

இறாலின் முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுத்துவிடுங்கள். கவிச்சி அதிலிருந்தும் வரும். சதையை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு ஒருமுறை அலசினால் போதும். ஊற வைக்காதீர்கள். அலசியதும் நன்றாக வடித்து, உப்பு எதுவும் பிசறாமல் தனியாக வையுங்கள். தலையையும் ஓட்டையும் ஒரு கிண்ணத்தில் சேருங்கள். நண்டின் சின்னக் கால்களும் அதோடு போகலாம். எப்படியும் அவற்றை யாரும் கடித்து உறிஞ்சப் போவதில்லை.

இனி சாறு. அகலமான பாத்திரத்தில் 2 டீஸ்பூன் நல்லெண்ணெய் காய்ந்ததும் ஓடு, தலை எல்லாவற்றையும் போட்டு வதக்குங்கள். தண்ணீரில் நேரே போட்டு வேக வைத்துவிடாதீர்கள். பச்சை இறாலில் சாம்பல் நிறமாகத் தெரிவதற்குள் ஒரு சிவப்பு நிறமி புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. அஸ்டாசாந்தின் என்பார்கள். சூடு பட்டதும் அது விடுபடும், எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் எண்ணெயில் வதக்கினால் நான்கைந்து நிமிடத்தில் எண்ணெயே செம்பவளமாக மாறி, வறுத்த இறாலின் வாசம் வீட்டுக் கூடம்வரை போகிறது. அந்தச் சமயத்தில் மத்தாலோ கனமான கரண்டியாலோ தலைகளை நசுக்குங்கள். உள்ளே இருக்கும் கொழுப்பு வெளியே வந்து அடிப்பாத்திரத்தில் லேசாகப் பிடிக்கும். பிடிக்கட்டும், கருகத்தான் கூடாது. இப்போது இடித்த மிளகு, சோம்பு, இஞ்சி, பூண்டு, பாதிச் சின்ன வெங்காயம் சேர்த்து ஒரு வதக்கு வதக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் இருந்தால் அதுவே விசேஷம். நம் வீடுகளில் மீன் குழம்புக்கு அதைத்தானே ஊற்றுகிறோம்.

சிறு தீயில் 20 நிமிடம். மேலே வரும் நுரையை அள்ளிப் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் ஓட்டிலிருந்து கசப்பு இறங்கும். பிறகு துணியில் வடிகட்டி, ஓடுகளை நன்றாக அழுத்திப் பிழிந்துகொள்ளுங்கள். முக்கால் லிட்டர் அளவுக்குச் சாறு கிடைக்கும். மிளகை இப்படிச் சாற்றிலேயே போட்டு வடித்துவிட்டால் காரம் வரும், சூப்பில் கறுப்புப் புள்ளி இருக்காது. நண்டு ரசம் வைத்துப் பழகிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை.

செட்டிநாட்டு மசாலா போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஒரு சிறு பட்டையும் கிள்ளிய கல்பாசியும் சாறு கொதிக்கும்போது போடலாம். அதோடு நிறுத்துங்கள். மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, கிராம்பு என்று அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்தால் தேங்காய்ப்பால் இருக்கிற இடமே தெரியாது.

தேங்காயைத் துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்பு வராமல் வெள்ளையை மட்டும் துருவுங்கள். இளம் தேங்காயில் கொழுப்புக் குறைவு, பால் நீர்த்திருக்கும். முதல் பாலுக்குக் கை பொறுக்கும் சூட்டில் அரை டம்ளர் தண்ணீர் போதும். மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று ஓட்டினால் போதும். நிறுத்தாமல் ஓட்டினால் சூடேறும், சக்கையும் மாவாகிப் பாலோடு வந்துவிடும். துணியில் பிழிந்து முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதே சக்கையில் ஒன்றரை டம்ளர் வெந்நீர் ஊற்றி அரைத்து இரண்டாம் பால் எடுங்கள். மூன்றாம் பால் இந்த வேலைக்கு ஆகாது.

பச்சரிசியை அரை மணி நேரம் ஊற வைத்து, முந்திரியோடு வெண்ணெய் மாதிரி அரைத்து இரண்டாம் பாலில் கரைத்து வையுங்கள். மீதிச் சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு சிவக்காமல் கண்ணாடியாக வதக்கி, வடித்த சாற்றை ஊற்றுங்கள். கொதி வந்ததும் கரைத்த பாலைச் சேர்த்து, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே சிறு தீயில் ஆறேழு நிமிடம் விடுங்கள். அரிசி வெந்து கெட்டியாகும்போது கரண்டியின் முதுகில் சூப் மெல்லிசாக ஒட்டி நிற்கும். இந்த அரிசிக் கெட்டிதான் பின்னால் வரும் முதல் பாலில் எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேராமல் தடுத்து வைக்கிறது. சோளமாவு கரைத்து ஊற்றினாலும் கெட்டிப்படும், ஆனால் கண்ணாடி மாதிரி வழவழப்பு வந்துவிடும், எனக்குப் பிடிப்பதில்லை. உப்பை இந்த இடத்திலேயே போட்டு ருசி பார்த்துக்கொள்ளுங்கள். சாற்றிலேயே கடல் உப்பு கொஞ்சம் இருக்கும், கை அளவாக இருக்கட்டும்.

இறால் ரப்பரானதற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டதுதான். நண்டுத் துண்டுகள் முதலில். அவற்றுக்குப் பத்து நிமிடம் வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மீன். அது பாதி வெந்ததும் இறால். கணவாயை வளையமாக அரிந்து வைத்திருந்து, அடுப்பை அணைக்க ஒரு நிமிடம் இருக்கும்போது போடுங்கள். கணவாய்க்கு நடுவழி கிடையாது. ஒரு நிமிடத்தில் எடுத்தால் மெத்தென்று இருக்கும், தவறவிட்டால் மறுபடி மிருதுவாக அரை மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். இறால் இரண்டு மூன்று நிமிடத்தில் லேசாக வளைந்து, சதை வெள்ளையும் சிவப்புமாக மாறியதும் வெந்தாயிற்று. வாலும் தலைப்பக்கமும் தொட்டு வட்டமாகச் சுருண்டுவிட்டால் கைவிட்டுப் போய்விட்டது. மண்சட்டியில் வைக்கிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் முன்னதாகவே அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகும் சட்டி கொதித்துக்கொண்டே இருக்கும்.

அடுப்பு அணைந்து, குமிழி அடங்கட்டும். முதல் பாலில் ஒரு கரண்டி சூடான சூப்பை ஊற்றிக் கலக்கி, அந்தக் கலவையைச் சட்டியில் மெல்ல ஊற்றி ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். மறுபடி அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். செம்பவள நிறத்துச் சாறு இளஞ்சந்தன நிறத்துக்கு மாறும். பேரன் போனில் காட்டியது இந்த நிறமாகத்தான் இருந்திருக்கும்.

தக்காளி விஷயம். கவிச்சி வாடைக்குக் காரணமான அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் புளிப்புக்கு நேர் எதிரான காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை) உள்ளவை, புளிப்பு பட்டால் அடங்கிவிடும். அதனால் தக்காளி போடலாமே என்று நீங்கள் நினைத்தது தப்பே இல்லை. ஆனால் அதே புளிப்புத்தான் பாலைத் திரிக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. எலுமிச்சையைச் சட்டியில் பிழியாமல், பரிமாறிய கிண்ணத்தில் அவரவர் சில சொட்டுப் பிழிந்துகொள்ளட்டும். தாய்லாந்தின் தோம் கா சூப்பிலும் எலுமிச்சைச் சாற்றைப் பெரும்பாலும் அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்கிறார்கள்.

தோம் கா என்றதும் ஒன்று. பேரன் குடித்தது எது என்று கேட்டுப் பாருங்கள். புளிப்பும் எலுமிச்சைப் புல் வாசமும் இருந்தது என்றால் அது தோம் காவாக இருக்கலாம். தோட்டத்தில் அந்தப் புல் இருந்தால் ஒரு தண்டை நசுக்கிச் சாற்றில் போடுங்கள். தோம் காவில் அரத்தையும் போடுவார்கள், ஆனால் நாட்டு மருந்துக் கடைச் சித்தரத்தையை அதற்குப் பதிலாகப் போட்டால் சூப் கஷாயமாகிவிடும். உள்ளே அரிசி நூடுல்ஸ் கிடந்தது, சிவப்பாக எண்ணெய் மிதந்தது என்றால் அது லக்சா. லக்சாவில் எண்ணெய் மிதப்பது குறை இல்லை, அதன் இலக்கணமே அதுதான். அப்படியென்றால் திரிந்துவிட்டது என்று நீங்கள் கொட்டிய சூப்பைப் பேரன் ஆசையாகக் குடித்திருப்பான்! லக்சா மாதிரி வேண்டுமென்றால் கிண்ணத்தில் இரண்டு இடியாப்பத்தைப் போட்டு மேலே சூப்பை ஊற்றிக் கொடுங்கள்.

மறுபடி திரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். இறால், மீன் எல்லாவற்றையும் அள்ளித் தனியே வைத்துவிட்டு, சூப்பை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வேக வைத்த கஞ்சியோடு மிக்ஸியில் அடியுங்கள். பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். சூடாக அடித்தால் மூடி தெறிக்கும், ஜாக்கிரதை.

மிச்சத்தை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், மறுநாளே தீர்த்துவிட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது திரியும். சூடு பண்ணும்போது நேரடியாக அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சூப்புப் பாத்திரத்தை இறக்கி, கிண்டிக்கொண்டே ஆவி பறக்கும்வரை சூடேற்றுங்கள். இறாலும் கணவாயும் இரண்டாம் சூட்டில் கொஞ்சம் இறுகத்தான் செய்யும், அதற்கு வழியில்லை.

பேரன் அடுத்த லீவுக்கு ஏப்ரல், மே மாதத்தில் வருவதாக இருந்தால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுச் சரக்கு மட்டும் வரும், விலையும் ஏறிக் கிடக்கும். அப்போது நண்டை விட்டுவிட்டு, சாற்றுக்கு ஒரு கைப்பிடி காய்ந்த சென்னாக்குனியை (பொடி இறால் கருவாடு) மண் போக அலசி, வறுத்துப் போடுங்கள். இறால் அளவைப் பாதியாக்கிக்கொள்ளலாம். சென்னாக்குனியில் உப்பு இருக்கும், அதனால் சாற்றை வடித்து ருசி பார்த்த பிறகே உப்பில் கை வையுங்கள்.