பதில்: கோத்தகிரி பக்கம் காப்பீட்டு உதவிக்கு யாரை சேர்க்கறது?

வணக்கம்ங்க. உங்க மகளிர் குழுவுல மருத்துவக் காப்பீட்டு உதவிக்கு லிஸ்ட் போடறீங்க, ஊர் பெரியவங்க கொடுத்த பேர்ல நிஜமா கஷ்டப்படறவங்க விட்டுப்போச்சுன்னு எழுதியிருந்தீங்க.

வீட்டைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்க. நம்ம மலையில தளம் போட்ட வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்ததா இருக்கும், அரை ஏக்கர் தேயிலை பேர்ல இருக்கும் ஆனா பச்சை இலை விலை இறங்கினா பறிக்கிற கூலிக்கே கட்டாது, இவங்களையெல்லாம் வசதின்னு தள்ளிடுவாங்க.

நாங்க கூடலூர் பக்கம் செஞ்சதை சொல்றேன். வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதி, ஊர்க்காரங்களையே ரொம்ப கஷ்டம், நடுத்தரம், பரவாயில்லன்னு பிரிக்கச் சொன்னோம், பெண்களை தனியா உக்கார வச்சு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஏன்னு கேளுங்க, அதுலதான் விஷயமே இருக்கு. ராத்திரி உடம்பு முடியலன்னா ஜீப் வாடகைக்கு கைமாத்து கேக்க ஆள் இல்லாத வீடுதான் ஏழை வீடுன்னு அங்க பெண்கள் சொன்னாங்க, நிலத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல. கூடலூர்ல ஆதிவாசி மக்களுக்கு 1992லயே சமூக காப்பீடு ஆரம்பிச்சதும் அவங்க சங்கத்தை வச்சுத்தான்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு குடும்பத்தோட வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், விஏஓ கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு ஊட்டி கலெக்டர் ஆபீஸ் போகணும். பிரீமியம் கட்ட வேண்டாம்.

குறும்பர், இருளர் குடியிருப்புல இருந்து கூட்டத்துக்கு வரமாட்டாங்க, நீங்களே போங்க. ஞாயித்துக்கிழமை போங்க, மத்த நாள் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க.